முதல் கார்: ஒன்பது மாதக் குழந்தை, முழங்கால் வலியுள்ள அத்தை, வால்பாறையின் நாற்பது வளைவுகள்

ஆழியாற்றுக்காரி:

வணக்கம். கோவை சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. கணவருக்குப் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகனுக்கு ஒன்பது மாதம். அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் அவருக்கு வலி. என் அம்மா வால்பாறையில் தனியாக இருக்கிறார். இதுவரை எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டரும் பஸ்ஸும்தான்.

போன மாதம் மழை கொட்டிய ஓர் இரவில் குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல். கணவர் இரவு ஷிப்டில் இருந்தார். நாற்பது நிமிடம் முயன்றும் ஓர் ஆட்டோ கிடைக்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக்காரரை எழுப்பி அவர் காரில் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தை இப்போது நலம். ஆனால் வாசலில் குடையோடு நின்ற அந்த நாற்பது நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை. கார் வாங்குவதென்று மறுநாளே முடிவு செய்துவிட்டோம்.

எல்லாச் செலவும் சேர்த்து எட்டு லட்சத்துக்குள் முடிய வேண்டும். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. பெரும்பாலும் ஓட்டப்போவது நான். உரிமம் இருக்கிறது, ஆனால் கார் ஓட்டி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் என்று நினைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்பாறை. புதிதா, பழையதா? கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? உறவினர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது.

கணக்குப்பிள்ளை:

சகோதரி, வண்டியின் பெயருக்கு முன்னால் பணத்தைப் பேசிவிடுவோம். விளம்பரத்தில் பார்ப்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் அதன் மேல் வாழ்நாள் சாலை வரி உண்டு. 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18. அதற்கு மேல் காப்பீடு, பதிவுச் செலவு. ஆகவே எட்டு லட்சத்தில் முடிய வேண்டுமானால் ஷோரூம் விலை ஆறே முக்கால் லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த விலைக்கு வரி மட்டும் 87,750 ரூபாய்.

"இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் வகை கிடைக்கும்" என்று விற்பனையாளர் ஏற்றிக்கொண்டே போவார். 9.9 லட்ச ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. விலை 10.2 லட்சமானால் வரி 1,83,600. விலையில் முப்பதாயிரம் கூடினால் வரியில் ஏறத்தாழ 55,000 கூடுகிறது. உங்கள் எல்லை அதற்கு வெகு கீழே என்றாலும், அங்கே வரை பேசியே கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

கடன் ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 11,400. ஏழு ஆண்டாக்கினால் 8,850. தவணை குறைந்ததுபோலத் தெரியும். மொத்த வட்டியோ 1,35,000-லிருந்து 1,93,000-க்கு ஏறிவிடும். ஐந்து ஆண்டுத் தவணையைக் கட்ட முடியாவிட்டால் அந்தக் கார் உங்களுக்கு விலை அதிகம் என்று பொருள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. முன்பு கூடுதல் தீர்வையும் சேர்த்து 29 சதவீதம். நீங்கள் தேடுகிற அளவுக் கார்களெல்லாம் இதற்குள் வருகின்றன. பழைய விலைப் பட்டியலை யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள்.

இரயில்பயணி:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். மாதம் தவணை 11,400, பெட்ரோல் நான்காயிரம், காப்பீடு, சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் பதினேழாயிரத்துக்கு மேல் போகும். ஆண்டுக்கு ஆறு முறை வால்பாறைக்கு வாடகைக் கார் எடுத்தாலும் அந்த ஆண்டுச் செலவில் பாதிகூட ஆகாது. ஓர் ஆண்டு பொறுத்து முன்பணத்தைச் சேருங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், கடன் பாதியானது.

ஆழியாற்றுக்காரி:

நீங்கள் சொல்லும் கணக்கு சரி, அண்ணா. இந்த ஓர் ஆண்டில் குழந்தையை எதில் ஏற்றிச் செல்வது என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் கொண்டுபோனால் ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒன்பது மாதத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் கவசத்தைக் கடை கடையாகத் தேடினேன். கிடைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு வாடகைக் காரும் வரவில்லை.

குழந்தைநலச் செவிலி:

கார் எது என்று சொல்ல எனக்குத் தெரியாது. குழந்தைகள் வார்டில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அங்கே பார்த்ததை வைத்து ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

"தாய் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா" என்று எல்லாப் பாட்டிமார்களும் கேட்பார்கள். கணக்கு எளிது. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த உங்கள் கைக்கு அப்போது ஏறத்தாழ 125 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. முன்னிருக்கையில் மடியில் வைத்திருந்தால் குழந்தைதான் அம்மாவுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவே சிக்கும்.

ஆகவே குழந்தைக்கான தனி இருக்கை வாங்குங்கள். ஒன்பது மாதத்தில் அது பின்நோக்கித்தான் இருக்க வேண்டும். இந்த வயதில் தலை கனம், கழுத்து எலும்பு முற்றியிருக்காது. பின்நோக்கி இருந்தால் அடியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் புதிய விதி குறைந்தது பதினைந்து மாதம் வரை பின்நோக்கி வைக்கச் சொல்கிறது. இருக்கை தாங்கும் வரை அதற்குப் பிறகும் அப்படியே வைப்பது நல்லது. ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. நம் நாட்டிலும் 2019 திருத்தச் சட்டத்தின்படி பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. பலருக்கு இது தெரியாது.

இதற்கு ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை இருக்கையைக் காரோடு நேராகப் பூட்டும் கொக்கி, உள்ள கார் வேண்டும். பின்னிருக்கையில் சாய்மானமும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படும். விற்பனையாளர் இருக்கிறது என்றால் போதாது, விரலால் தொட்டுப் பாருங்கள்.

பட்டறைக்காரர்:

ஈரோட்டில் இருபது ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. எட்டு லட்சத்துக்கு நான்கு வயதுள்ள ஒரு படி பெரிய கார் கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் பெல்ட். நான்கு இருக்கைகளின் சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி, இருக்கைத் துணியை மாற்றி, வாசனை அடித்துக் கொண்டுவருவார்கள். பெல்ட்டின் உள்சுருளில் படிந்த சேற்றுக் கோட்டை யாரும் கழுவுவதில்லை. பிறகு இருக்கையைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகள். மேலே பளபளப்பும் அடியில் துருவும் இருந்தால் அந்த வண்டியை விட்டு விலகுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பார்கள், அந்த எண்ணைப் பார்த்தால் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். காலையில் நீங்கள் போய், முதல் ஸ்டார்ட்டை உங்கள் காதால் கேளுங்கள்.

காகிதங்களில், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் வங்கி அடமானம் இருக்கிறதா என்பது முக்கியம். கடன் முடிந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து நீக்காமல் விட்டிருப்பார்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். காப்பீட்டையும் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்ட ஒருவர் விபத்துக்குப் பிறகு என் பட்டறையில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரிவாசி:

கோவைக்கு வெள்ளப் பயம் குறைவு. இருந்தாலும் காப்பீடு பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் ஆர்வத்தில் சாவியைத் திருப்பினேன். சிலிண்டருக்குள் போயிருந்த தண்ணீர் எஞ்சினை உடைத்துவிட்டது. எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பை நான் எடுக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் பகுதி முழுவதும் மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டுத்தான் தூங்கப் போகிறது.

புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானதை, மூன்று ஆண்டுக்குச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு ஓர் ஆண்டுக்கு இருந்தால் போதும். ஷோரூமில் சொல்லும் தொகையை அப்படியே ஏற்காமல் வெளியிலும் விசாரியுங்கள். ஆனால் மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாக ஓட்டுகிறவர் முதல் ஆண்டில் பம்பரை எங்காவது உரசுவார்.

மலைச்சாலை ஓட்டுநர்:

வணக்கம் அம்மா. நான் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். பொள்ளாச்சி–வால்பாறை தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டியவன். உங்கள் ஊர்ச் சாலை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி.

ஊர் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. சிறிய எஞ்சின் வண்டி ஏறாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், எல்லாம் ஏறும். ஆனால் ஐந்து பேரும் மூட்டையும் ஏற்றினால் ஒரு லிட்டர் எஞ்சின் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும். 1.2 லிட்டர் இருந்தால் உங்களுக்கு நிம்மதி. விலை குறைந்த ஆட்டோமேட்டிக் வண்டிகளில் உள்ளே இருப்பது அதே கியர்பெட்டிதான். கிளட்சை மட்டும் எந்திரம் அமுக்குகிறது. கோவை நெரிசலில் அது சுகம். கொண்டை ஊசி வளைவின் நடுவில் கியர் மாற்ற ஒரு கணம் யோசிக்கும், அந்தக் கணத்தில் பழகாதவர் பதறுவார். வாங்கினால் மலையில் கையால் கியர் மாற்றும் நிலைக்குக் கொண்டுபோய் ஓட்டுங்கள்.

ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் கலை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பாதி மலையில் பிரேக் சூடேறி, மிதித்தால் பிடிக்காது. அடிவாரத்தில் ஆழியாறு வரும்போது கருகிய வாடை அடிக்கும் சுற்றுலா வண்டிகளை நாள்தோறும் பார்த்தேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். முதல் இரண்டு முறை பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஐயா சொன்னது பொன்னான பேச்சு. பாதுகாப்பு மதிப்பெண்ணையும் சேர்த்துவிடுகிறேன். 2018-இல் டாடா நெக்ஸான்தான் இந்தியாவில் தயாரான கார்களில் முதலில் குளோபல் என்கேப் எனும் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2021-இல் டாடா பஞ்ச் பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு. 2024 நவம்பரில் புதிய மாருதி டிசையரும் அதே ஐந்தும் நான்கும் பெற்றது. 2023-இல் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்த வேகன்ஆர் பெற்றது ஒன்று, குழந்தைகளுக்குப் பூச்சியம். பிறகு அதற்கு ஆறு ஏர்பேக் வந்திருக்கிறது. ஆனால் ஏர்பேக் எண்ணிக்கை வேறு, கூடு நசுங்காமல் நிற்பது வேறு. 2023 அக்டோபர் முதல் நமக்கே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. அதில் பெரியவர்களுக்கு 32-க்கு, குழந்தைகளுக்கு 49-க்கு என்று தனித்தனி மதிப்பெண். குழந்தைக்கான மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், விளம்பரத்தில் நட்சத்திரத்தை மட்டும்தான் காட்டுவார்கள்.

ஆழியாற்றுக்காரி:

இரண்டு வாரமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கார் பார்க்கவே போனது.

முதலில் நான்கு வயதுள்ள ஒரு பழைய கார். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது, விலையும் கையடக்கம். பட்டறைக்கார அண்ணா சொன்னபடி பின்னிருக்கைப் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த மண்ணின் கறை. கணவர் தரைவிரிப்பைத் தூக்கினார், போல்ட்டெல்லாம் துரு. விற்றவர் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டோம். அதன்பின் பழைய கார் பார்க்க மனம் வரவில்லை. அண்ணா பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை வேறு நல்லது கிடைத்திருக்கும்.

பிறகு ஷோரூம்களுக்கு அத்தையையும் கூட்டிப் போனோம். குழந்தை இருக்கையைத் தோழியிடம் இரவல் வாங்கி, தூக்கிக்கொண்டே போனேன். விற்பனையாளர்கள் வியப்பாகப் பார்த்தார்கள். செவிலி அக்கா, அதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது! டிசையர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய டிக்கி, பின்னால் மூன்று பேருக்கும் தோள்பெல்ட். ஆனால் அத்தை உள்ளே தாழ்ந்து உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. கதவைப் பிடித்து, என் தோளைப் பிடித்து எழுந்தபோது கண் கலங்கிவிட்டார். வலியைவிட, தன்னால் எங்கள் விருப்பம் தடைபடுகிறதே என்ற வருத்தம் அது. பஞ்சில் இருக்கை உயரமாக இருந்தது. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, அப்படியே இறங்கினார்.

அங்கே இன்னொரு சிக்கல். குழந்தை இருக்கையை இடப்பக்கம் பின்நோக்கி மாட்டினால் முன்னிருக்கை வெகுவாக முன்னே போகிறது. ஆறடி உயரமுள்ள என் கணவரின் முழங்கால் முன்பலகையில் இடிக்கிறது. நான் ஐந்தடி ஒரு அங்குலம், இருக்கையை முன்னால் தள்ளித்தான் ஓட்டுவேன். ஆகவே எனக்குப் பின்னால் மாட்டினோம், கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அது சாலைப் பக்கக் கதவு. சரிதானா?

குழந்தைநலச் செவிலி:

நடைபாதைப் பக்கம் இருப்பது நல்லதுதான். ஆனால் இருக்கை ஆடாமல் பொருந்துவது அதைவிட முக்கியம். வலப்பக்கமே இருக்கட்டும். குழந்தையை ஏற்றி இறக்குவதை மட்டும் எப்போதும் இடப்பக்கக் கதவு வழியாக, உள்ளே சாய்ந்து செய்யுங்கள். முதுகு கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. அத்தையைக் கூட்டிப் போனீர்களே, அதைப் படித்தபோது எனக்கும் கண் நிறைந்தது.

ஆழியாற்றுக்காரி:

பஞ்ச், கியர் வண்டி, முன்பதிவு செய்துவிட்டோம். ஓர் அடுக்குமாடி வளாகத்தின் அடித்தளச் சரிவில் இரண்டு வகையையும் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். கை மறந்திருந்தாலும் கால் கிளட்சை மறக்கவில்லை. ஆட்டோமேட்டிக்குக்கு ஆகும் கூடுதல் பணத்தில் குழந்தை இருக்கையும் காப்பீட்டின் கூடுதல் பாதுகாப்பும் முடிந்துவிட்டன. கடன் ஐந்து ஆண்டுக்குத்தான். வண்டி வரும் வரை பயிற்சிப் பள்ளியில் மறுபடி பத்து நாள் வகுப்பு போகிறேன்.

இரயில்பயணி:

வாழ்த்துகள் சகோதரி. பொறுத்து வாங்கச் சொன்னவன் நான்தான். நாற்பது நிமிடம் வாசலில் நின்றவர் நீங்கள். நீங்கள் முடிவெடுத்தது சரி.

ஆழியாற்றுக்காரி:

வண்டி வந்து ஆறு வாரம் ஆகிறது. நேற்றுதான் முதல்முறை வால்பாறை போய் வந்தோம். மலையில் ஓட்டிப் பழகிய மாமா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கணவரும் அத்தையும் பின்னால், மகனுக்குப் பக்கத்தில். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்தோம். பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், இறங்கி நின்றது இதுவே முதல்முறை. அட்டகட்டிக்கு முன்பாகக் குழந்தை விழித்து வீறிட்டு அழ ஆரம்பித்தான். என் கை ஸ்டீயரிங்கில் நடுங்கியது. முதல் நாள் "பச்சைப் பிள்ளையைக் கட்டிப்போடுவதா, என் மடியில் கொடு" என்று சண்டை போட்ட அத்தைதான் பின்னாலிருந்து சொன்னார்: "அவன் அழட்டும் கண்ணு. நீ ஓரமா நிறுத்து, அப்புறம் தூக்கலாம்."

மலைச்சாலை ஓட்டுநர்:

நெஞ்சு குளிர்ந்தது அம்மா. இறங்கும்போது எந்தக் கியர்?

ஆழியாற்றுக்காரி:

இரண்டாவது, ஐயா. மூன்று வளைவுகளில் ஒன்றாவது. ஆழியாற்றில் இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். கருகிய வாடை இல்லை.